ஹமீது வீட்டு டெக்கும் ஒன்றரை அங்குல ஆணியும்

இப்போதெல்லாம் கட்டட இன்ஸ்பெக்டர் வீடுவரை வரவே வேண்டாமாம். மேஸ்திரி செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினால் போதும், இவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பார்த்து 'ஓகே' போட்டுவிடுவார்கள். என்னோடு வேலை பார்த்து இன்னும் அங்கேயே இருக்கும் ஒருவர் சென்ற மாதம் இதைப் போனில் பெருமையாகச் சொன்னார். கேமராவில் ஆணியின் தலைதானே தெரியும், நீளம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரிடையர் ஆன பிறகும் இந்த மனுஷனுக்கு ஆணி போகவில்லை என்று சிரித்தார்.

போகவில்லைதான். பே ஏரியாவின் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் எனக்கு 'ஆணி ஜமால்' என்றுதான் பெயர். யாராவது புது வீடு வாங்கினால் துஆ ஓத ஹஜ்ரத்தை அழைப்பார்கள், வீட்டுக்கு அடியில் தவழ்ந்து பார்க்க என்னை அழைப்பார்கள். இரண்டு பேருக்கும் பிரியாணி உண்டு. ஹஜ்ரத்தின் வேட்டியில் அழுக்குப் படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாகப்பட்டினத்தில் பொதுப்பணித் துறையில் மதகும் சிறுபாலமும் கட்டிக்கொண்டிருந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில் மனைவி ஃபாத்திமாவுக்கு இங்கே சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும், என் தோளில் ஒட்டிக்கொண்டு மகள் நிலோஃபரும் வந்து சேர்ந்தோம். கிரீன் கார்டு வரும்வரை மகளை டேகேரில் விட்டுக் கூட்டி வருவதுதான் என் உத்தியோகம். வந்த பிறகு ஒரு ஹார்டுவேர் கடையில், ஆணிகள் இருக்கும் வரிசையில் நின்றேன். அவள் சாஃப்ட்வேர், நான் ஹார்டுவேர் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். அப்புறம் பரீட்சை மேல் பரீட்சை எழுதி, பே ஏரியாவின் கிழக்குக் கரையில் ஒரு சிறு நகராட்சியில் கட்டட இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். அது 2001.

செங்கல்லும் சிமெண்டும் பார்த்த கண்ணுக்கு இங்கத்திய வீடு முதலில் நம்பிக்கை தராது. எல்லாம் மரம். கட்டையும் கட்டையும் சந்திக்கிற இடத்தில் வளைத்த தகடு ஒன்று வைத்து ஆணி அடித்துவிடுகிறார்கள். தரையைத் தாங்கும் கட்டையின் நுனி ஒரு பெரிய உத்தரத்தில் வந்து முட்டும் இடத்தில், அந்த நுனியைத் தூளியில் போட்ட மாதிரி ஏந்திப் பிடிக்கிற தகட்டுக்கு 'ஹேங்கர்' என்று பெயர். பார்க்கிற எல்லோரும் தகட்டைத்தான் பார்ப்பார்கள். பளபளவென்று, கனமாக, பார்த்ததும் தைரியம் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் பாரம் தகட்டிலிருந்து மரத்துக்கு ஆணி வழியாகத்தான் போகிறது. இதை எனக்குப் புரிய வைத்தவர் ஃபிராங்க்.

ஃபிராங்க் என் மேலதிகாரி. போர்த்துகீசிய வம்சாவளி, ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் பூனைக்குட்டி. எப்போதும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். கட்டட இடத்துக்குப் போனால் நேராக வீட்டுக்குள் போகமாட்டார். முதலில் குப்பைத் தொட்டியிடம் போவார். காலி ஆணிப் பெட்டிகளைக் காலால் புரட்டி, மேலே அச்சிட்டிருப்பதைப் படிப்பார். என்ன ஆணி அடித்திருக்கிறார்கள் என்பது உள்ளே போகுமுன்பே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார்.

நான் சேர்ந்த புதிதில் மலைச்சரிவில் வரிசையாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்துக்குப் போனோம். ஹேங்கர்களில் ஓட்டை பாக்கியில்லாமல் ஆணி அடித்திருந்தார்கள். எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது. ஃபிராங்க் ஒரு ஹேங்கரின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து, "இதில் ஒன்றை எனக்காக வெளியே எடுக்கிறீர்களா?" என்று ஃபோர்மனிடம் கேட்டார். கல்யாண வீட்டில் இன்னொரு அப்பளம் கேட்பது போலத்தான் கேட்டார். ஃபோர்மன் முனகிக்கொண்டே பிடுங்கினான். ஒன்றரை அங்குல ஆணி.

அந்தப் பக்கவாட்டு ஓட்டைகள் சாய்வாக இருக்கும். அதில் அடிக்கிற ஆணி கட்டையின் நுனியை ஊடுருவி, அதற்குப் பின்னால் இருக்கிற உத்தரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். அதற்கு மூன்று அங்குல ஆணி வேண்டும். ஒன்றரை அங்குலம் அடித்தால் கட்டைக்குள்ளேயே நின்றுவிடும், உத்தரத்தைத் தொடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டின் தலையும் ஒன்றுபோலவே இருக்கும்.

"உத்தரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று மட்டும் ஃபிராங்க் கேட்டார். ஃபோர்மன் கையிலிருந்த ஆணியைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான். அடுத்த முறை போனபோது ஒரு வீடு விடாமல் எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். வண்டியில் வரும்போது, ஏன் நீங்களே பிடுங்கவில்லை என்று கேட்டேன். நான் பிடுங்கினால் அவன் என்னோடு சண்டை போடுவான், அவனே பிடுங்கினால் யாரோடு போடுவான் என்று சொல்லி ஜன்னல் வழியே விதைத் தொலியைத் துப்பினார். பல வருடம் நான் அதையே கடைப்பிடித்தேன். வீட்டில் ஃபாத்திமாவிடம் மட்டும் பலிக்கவில்லை.

2004 வாக்கில் எங்கள் தொழிலில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. வெளியில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் மரத்துக்குக் கறையான் பிடிக்காமல் மருந்து ஏற்றுவார்கள். பழைய மருந்தில் ஆர்சனிக் இருந்ததால் வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டு, செம்பு அதிகமுள்ள புதிய மருந்துக்கு மாறினார்கள். குழந்தைகளுக்கு நல்லது. ஆணிக்குத்தான் ஆகவில்லை. செம்பும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண இரும்பை அரித்துத் தின்றுவிடும். ஆகவே காய்ச்சிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணி வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும் என்று ஆயிற்று. தகடு எந்தப் பூச்சோ ஆணியும் அதே பூச்சாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முக்கி எடுத்த ஆணி சாம்பல் பூசினாற்போல் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். மின்சாரத்தில் மெல்லிசாகப் பூசியது வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னும். கடைக்குப் போகிற மனிதன் எதை எடுப்பான்? பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி மின்னுவதைத்தான் எடுப்பான். அந்த இரண்டு மூன்று வருடமும் நான் பார்த்த பாதிச் சண்டை இந்த மினுமினுப்பால் வந்ததுதான்.

இனி ஹமீது கதைக்கு வருகிறேன்.

ஹமீது காயல்பட்டினத்துக்காரர், சிப் டிசைன் இன்ஜினியர். மில்பிடாஸுக்குக் கிழக்கே மலைச்சரிவில் வீடு. நல்ல மனிதர், ரோஷக்காரர். அவருடைய மகன் இர்ஃபானுக்கும் என் மகள் நிலோஃபருக்கும் அந்த வருடம் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இருவருக்கும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போயிருந்தது. நாங்கள் கண்டுகொள்ளாத மாதிரி நடந்துகொண்டோம், அதுதான் மரியாதை. அது 2007. ஹமீது வீட்டில் நோன்பு மாதத்தின் சனிக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடி நோன்பு திறப்பது வழக்கம். முன்னெல்லாம் நாங்கள் வேறு இடத்துக்குப் போவோம், அந்த வருடம்தான் முதல்முறை அங்கே போனோம். நோன்பு முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சம்பந்தத்தை அறிவித்துவிடலாம் என்று பேச்சு.

சரிவில் நிற்கிற வீடு என்பதால் பின்பக்கம் மாடி உயரத்தில் ஒரு பெரிய டெக். சுவரோடு சேர்ந்த மரத்தளம். அதைக் கூலிக்கு ஆள் வைத்துக் கட்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஹமீதும் நண்பர்களும் வார இறுதிகளில் தாங்களே கட்டியது. நகராட்சியில் அனுமதி வாங்கவில்லை என்பதைப் போகிற போக்கில் சொன்னார்கள். டெக்கில், சுவரோரமாக ஐந்து குழாய்கள். முன்னால் உட்கார ஸ்டூல்கள். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி ஒளுச் செய்வதற்காம். ஆண்கள் டெக்கில் வரிசை வரிசையாக நின்று தொழுவார்கள். பெண்களும் குழந்தைகளும் நேர் கீழே, திரை கட்டிய நிழலில் தொழுவார்கள்.

அந்தக் குழாய்களைப் பார்த்ததும், தண்ணீர் எங்கே வடிகிறது என்றுதான் தேடினேன். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. மெல்லக் கீழே இறங்கினேன்.

ஃபாத்திமா படியிலேயே மறித்தாள். "எங்க போறீங்க? நிக்காஹ் பேச வந்த எடத்துல மரத்த நோண்டாதீங்க. ப்ளீஸ்."

"சும்மா பாத்துட்டு வரேன்."

"உங்க 'சும்மா' எனக்குத் தெரியும்."

தெரியத்தான் செய்யும், கட்டிக்கொண்டு இத்தனை வருடம் ஆயிற்றே. இருந்தாலும் போனேன். ஹேங்கர்கள் எல்லாம் முதல்தரம், கனமான துத்தநாகப் பூச்சு. ஹமீது காசுக்குப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் குழாய்களுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி ஓடிய பலகை ஊறிப்போய்க் கறுத்திருந்தது. மூன்று வருட ஒளுத் தண்ணீர் பலகை இடுக்கு வழியே வடிந்து ஹேங்கர்களில் இறங்கியிருக்கிறது. ஆணித் தலைகளில் தேன்கூடு மாதிரி துரு. ஒன்றை நகத்தால் நெம்பினேன். தலை தனியாகக் கையில் வந்துவிட்டது. பக்கத்தில் இன்னொன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். முழுசாக வந்தது. ஒன்றரை அங்குலம், மின்னுகிற ரகம்.

மேலே யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பலகை முனகியது.

எனக்குப் பயம் வந்தது. டெக்கில் விருந்து நடப்பது வேறு. ஆளாளுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள், நடப்பார்கள். தொழுகை அப்படியில்லை. ஐம்பது அறுபது பேர் நெருக்கமாக நின்று, ஒரே நொடியில் குனிந்து, ஒரே நொடியில் நெற்றி தரையில் பட சஜ்தாவுக்குப் போய், ஒரே நொடியில் எழுவார்கள். இதைப் போல ஒழுங்காக ஒரு தளத்தை உலுக்கிப் பார்க்கிற கூட்டத்தை எந்த இன்ஜினியரும் கணக்கில் எடுத்திருக்கமாட்டான். அதற்கு நேர் கீழே என் மனைவியும் மகளும் தொழப் போகிறார்கள்.

என்னைவிட வயதில் இளையவர் என்பதால் ஹமீது என்னை 'காக்கா', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அவரைத் தனியாக அழைத்தேன். ஃபிராங்க் முறையையே கையாண்டேன். "ஹமீது, கீழ வந்து ஒரு ஆணிய நீங்களே புடுங்கிப் பாருங்களேன்."

"எதுக்கு காக்கா? மூணு வருஷமா அத்தன பேரு நின்னு தொழுவுறோம். ஒண்ணும் ஆவல. டாப் குவாலிட்டி ஹேங்கர் போட்டுருக்கேன்."

"ஹேங்கர் நல்லதுதான். ஆணிதான் தப்பு."

"ஆணில என்ன காக்கா இருக்கு? நான் சிப் டிசைன் பண்றவன், எனக்கு லோடு தெரியாதா?" குரல் உயர்ந்துவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லை. நானே எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னேன். கஞ்சிப் பாத்திரம், சமோசாத் தட்டு, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் வீட்டுக்கு முன்னால் டிரைவ்வேக்கு மாற்றி அங்கேயே தொழுதோம். தார்த்தரை இன்னும் சுட்டது. டெக் விழவில்லை. இந்த வேலையில் அதுதான் கஷ்டம். நாம் சொன்னதைக் கேட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் நாம் சொன்னது பொய் என்பார்கள். கிளம்பும்போது ஹமீது எனக்கு ஸலாம் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

காரில் ஃபாத்திமா அழுதாள். பின் சீட்டிலிருந்த நிலோஃபரிடம், "கோபமா, கண்ணு?" என்று கேட்டேன்.

"நோ, வாப்பா. யூ வேர் ரைட்," என்றாள். சற்று நேரம் கழித்து, "பட் ஐ ரியலி லைக் ஹிம்," என்றாள். நான் ஃப்ரீவேயைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என் மகளின் வாழ்க்கையை நானே உடைத்துவிட்டேனோ என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்களன்று ஃபிராங்கிடம் சொன்னேன். அது எங்கள் நகர எல்லை இல்லை, அங்கே நான் வெறும் விருந்தாளி. ஆளைச் சரிசெய்யச் சொல், சரிசெய்கிறானா பார், இல்லையென்றால் அந்த ஊர் அலுவலகத்துக்குப் போன் பண்ணு, சம்பந்தியானாலும் பண்ணு என்றார். விதை கொறிக்காமல் அவர் பேசி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஹமீதுக்குப் போன் செய்து எந்த ஆணி, எந்தத் தகடு, தண்ணீரை எப்படித் திருப்புவது எல்லாம் சொன்னேன். அதுவரை மேலே யாரையும் ஏற்ற வேண்டாம் என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை அவரிடமிருந்து போன். "ஆளு வெச்சு ரிப்பேர் பண்ணியாச்சு காக்கா. நாளைக்கு வந்துருங்க." அந்தக் குரலில் அழைப்பைவிட சவால்தான் அதிகம் இருந்தது.

சனிக்கிழமை போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, நோன்பு திறக்கச் சற்று முன்னால்தான் போய்ச் சேர்ந்தோம். ஆண்கள் டெக்கில் ஏறுவதற்காகப் பின்பக்கப் படியடியில் கூடியிருந்தார்கள். நான் நேராகக் கீழே போனேன். கையில் டார்ச். ரிப்பேர்க்காரர் செய்த வேலை பார்த்தவுடன் தெரிந்தது. அதே ஊறிய பலகையில், பழைய ஆணிகளுக்குப் பக்கத்திலேயே புது ஆணிகளை மெஷினால் அடித்துவிட்டுப் போயிருந்தார். மின்னுகிற ரகம். துரு மேல் பெயிண்ட். ஒன்றை அழுத்தினேன், மரத்தோடு சேர்ந்து உள்ளே போயிற்று. முன்னைக்கு இப்போது ஓட்டைதான் கூடியிருந்தது.

அந்த ஊர் அலுவலகம் திறக்கத் திங்கட்கிழமை ஆகும். தொழுகைக்கு நிமிடங்கள்தான் இருந்தன. ஃபாத்திமாவிடம் போய், பெண்களையும் பிள்ளைகளையும் கராஜுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்த முறை அவள் மறிக்கவில்லை. எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனாள். திரைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றை எடுத்து, குழாய்களுக்கு நேர் கீழே விரித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஹமீது ஓடி வந்தார். "என்ன காக்கா இது?"

"பாங்கு சொல்லப் போறாங்க. நீங்க மேல போயித் தொழுங்க. நான் இங்க உக்காந்துக்குறேன்."

"அதான் ரிப்பேர் பண்ணியாச்சே!"

"அப்ப என்ன பயம்? போங்க."

"எல்லாரும் பாக்குறாங்க காக்கா. என் மானத்த வாங்காதீங்க."

"உங்க மானத்த நான் வாங்கல. மேல ஏறாதீங்கன்னு சொல்லல. ஏறுங்கன்னுதான் சொல்றேன்."

இதில் வீரம் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். டெக்கைப் பற்றி நான் போட்ட கணக்கு சரியென்று தெரியும். ஹமீதைப் பற்றிப் போட்ட கணக்குத்தான் சரியா என்று தெரியவில்லை. அவர் ஏறினால் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஏறும். அப்புறம் நான் எழுந்து ஓடி என்ன பயன், என் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். என் மகள் கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இர்ஃபான்.

பாங்கு ஒலித்தது. சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு அங்கேயே நோன்பு திறந்தேன். ஹமீதும் நின்ற இடத்திலேயே தண்ணீர் குடித்தார். பிறகு விறுவிறுவென்று படியடிக்குப் போனார். பின்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அங்கிருந்து குனிந்தால் நான் தெரிவேன். குனிந்து பார்த்தார்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் காத்திருந்தது. ஹமீது காலைப் படியிலிருந்து எடுத்தார். "எல்லாரும் டிரைவ்வேக்குப் போங்க. பாய அங்க விரிங்க," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். டெக்குக்கு அடியில் வந்து, முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி ஹேங்கரைப் பார்த்தார். கை நீட்டி ஓர் ஆணியைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பிறகு இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார்.

"வெளிய வாங்க, சம்பந்தி."

கராஜ் வாசல்வரை கேட்கிற குரலில்தான் சொன்னார். நான் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.